ஏழு வருஷத்து காருக்கு நாலு பேர் நாலு விலை சொல்கிறார்கள், எந்தக் கணக்கு சரி?

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது

எல்லோருக்கும் வணக்கம். வீடு கொருக்குப்பேட்டை, வேலை அம்பத்தூர் எஸ்டேட். 2018 ஜூனில் ஒரு சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினேன். ஷோரூம் விலை 5.60 லட்சம், ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து ரோட்டில் இறங்கும்போது 6.45 லட்சம் ஆனது. இதுவரை 61 ஆயிரம் கிலோமீட்டர், ஒரே ஓனர், பின் பம்பரில் ஒரு கீறல், அதுவும் மீஞ்சூர் போகும் ஒரு டிரெய்லர் போட்டது.

2025 செப்டம்பர் 22லிருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்ததும் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் புது வண்டி புக் பண்ணிவிட்டார்கள். வீட்டிலும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சரி, பழையதை விற்றால் என்ன வரும் என்று பார்க்கப் போனால் ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள்.

ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் மச்சான் வருஷத்துக்கு 15 சதவீதம் கழிக்கணும் என்று போட்டுப் பார்த்து 1.80 லட்சம் என்றான். எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸில் இருப்பவர் காருக்கு எட்டு வருஷம்தான் ஆயுள், நேர்கோட்டு முறையில் போட்டால் 94,500தான் மிச்சம் என்று சிரித்தார். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் பேப்பரில் ஐடிவி, அதாவது வண்டிக்கு இன்சூரன்ஸ்காரர்கள் போடும் மதிப்பு, 2.35 லட்சம் என்று இருக்கிறது. மூலக்கடை புரோக்கர் வந்து பார்த்துவிட்டு 2.60 என்றார். ஆன்லைனில் ஒரு ஆப் 2.90 என்று காட்டியது, ஆள் அனுப்பி இரண்டு மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்தபிறகு 2.45 ஆகிவிட்டது (அந்தக் கதை தனி, அதை எழுதினால் கோபம்தான் வரும்).

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பெண், "அப்பா இது அடுக்குக்குறிச் சார்பு, கோடு வளைஞ்சு இறங்கும், ஆனா தரையைத் தொடாது" என்கிறாள். எனக்கு இரண்டே கேள்விதான். இதில் எது உண்மையான மதிப்பு? இதைக் கணக்காகப் போட்டு எப்போது விற்றால் நஷ்டம் குறைவு என்று கண்டுபிடிக்க முடியுமா?

வண்ணாரப்பேட்டை 21 எழுதியது

புரோக்கர் கையில் காசோடு வாசலில் நிற்கிறாரா? அப்போ 2.60தான் மதிப்பு. மற்றதெல்லாம் பேப்பர் தல.

ஆடிட்டர் ஆபீஸ் பையன் எழுதியது

உங்கள் மச்சான் சொன்ன 15 சதவீதம் தப்பில்லை, ஆனால் அது உங்களுக்கு இல்லை. வருமான வரியில் தொழிலுக்காக வைத்திருக்கும் காருக்கு வருஷா வருஷம் மிச்ச மதிப்பின் மேல் 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம், வாடகைக்கு ஓட்டும் வண்டியென்றால் 30. வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் பாதிதான். சம்பளக்காரருக்கு இதில் எதுவும் ஒட்டாது.

அது சந்தை விலை இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 23லிருந்து 2020 மார்ச் முடிய கார் வாங்கி ஓட்ட ஆரம்பித்தவர்களுக்கு அந்த 15ஐ 30 ஆக்கினார்கள், வண்டி விற்பனை படுத்திருந்த நேரம், சும்மா ஒரு தூண்டுதலுக்காக. அந்த ஏழு மாதத்தில் வாங்கிய கார் மட்டும் இரண்டு மடங்கு வேகமாகவா துருப்பிடித்தது? அக்கவுண்ட்ஸ்காரர் சொன்ன எட்டு வருஷமும் அப்படித்தான், கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் ஆயுள் அது, கடைசியில் 5 சதவீதம் மிச்சம் வைத்துவிட்டு மீதியை எட்டால் வகுப்பது. புத்தகம் எழுத வசதி, விற்பதற்கு இல்லை.

பெரம்பூர் டியூஷன் வாத்தியார் எழுதியது

உங்கள் பெண் சொன்னது முக்கால்வாசி சரி. மீதி கால்வாசிதான் சுவாரசியமானது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேர்கோட்டுக் கணக்கு என்பது கழித்தல். 6.45 லட்சத்தில் வருஷம் 64,500 கழித்துக்கொண்டே போனால் பத்தாவது வருஷம் பூஜ்ஜியம், பதினோராவது வருஷம் நீங்கள்தான் காசு கொடுத்து வண்டியை யாரிடமாவது தள்ளிவிட வேண்டியிருக்கும். அப்படி நடப்பதில்லை. வாங்குகிறவன் போன வருஷ விலையிலிருந்து இத்தனை சதவீதம் குறை என்றுதான் பேசுகிறான், அதாவது பெருக்கல். எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டியோடு சேர்த்துச் சொல்லித் தருகிறோமே, வட்டிக்குப் பதில் தேய்மானம், கூட்டலுக்குப் பதில் கழித்தல், அதே சூத்திரம். ஒவ்வொரு வருஷமும் 0.89ஆல் பெருக்கினால் 11 சதவீதம் போகிறது என்று அர்த்தம்.

இப்போது இன்சூரன்ஸ் ஐடிவியைப் பாருங்கள். அதன் படிக்கட்டு இப்படி: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நாலு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேல் கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. பார்க்க வளைவு மாதிரி இருக்கும், ஆனால் இரண்டாவது வருஷத்துக்குப் பிறகு அது சுத்தமான நேர்கோடு, ஒவ்வொரு வருஷமும் விலைப்பட்டியல் விலையில் பத்துப் பத்தாக இறங்குகிறது. அதையே மிச்ச மதிப்பின் சதவீதமாகப் பாருங்கள். 80லிருந்து 70க்கு இறங்கினால் 12.5 சதவீத இழப்பு, 60லிருந்து 50க்கு இறங்கினால் 16.7. வயதாக ஆக வேகமாகத் தேய்கிறது என்று அந்தப் படிக்கட்டு சொல்கிறது. சந்தையில் அப்படி இல்லை. அதனால்தான் நாலைந்து வயது வண்டிக்கு ஐடிவி சந்தை விலையைவிடக் கீழே நிற்பதைப் பல பேர் பார்த்திருப்பீர்கள்.

சரி, சந்தையின் சதவீதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 5.60லிருந்து ஏழு வருஷத்தில் 2.60. வகுத்தால் 0.464. இதன் இயல் மடக்கை (எக்செலில் LN) மைனஸ் 0.767, ஏழால் வகுத்தால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மைனஸ் 0.11. மடக்கையைத் திருப்பினால் 0.896, அதாவது வருஷத்துக்கு 10.4 சதவீதம். அழகாக இருக்கிறது, ஆனால் தப்பு.

ஏன் தப்பு என்றால் 2018 ரூபாயும் 2025 ரூபாயும் ஒன்றில்லை. உங்கள் வண்டியை வாங்க வருகிறவன் நீங்கள் அன்றைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பார்ப்பதில்லை. இன்றைக்கு ஷோரூமில் அதே வண்டி என்ன விலை, இதற்குப் பதில் அதை வாங்கிவிடலாமா என்று பார்க்கிறான். ஆகவே பழைய வண்டிக்குக் கிடைக்கும் விலையை இன்றைய புது வண்டி விலையால் வகுங்கள். ஐடிவியையும் விதிப்படி புதுப்பிக்கும் நாளில் இருக்கும் விலைப்பட்டியலிலிருந்துதான் போட வேண்டும், அந்த ஒரு இடத்தில் அவர்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். உங்கள் வண்டியின் இன்றைய ஷோரூம் விலை என்ன, எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது

அதே மாடல் அதே வேரியன்ட் வரி குறையும் முன் 7.10, இப்போது 6.50 சார்.

பெரம்பூர் டியூஷன் வாத்தியார் எழுதியது

பொருந்துகிறது. 1200 சிசிக்குள், நாலு மீட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் இருந்தது, இப்போது மொத்தமே 18. 118ஐ 129ஆல் வகுத்தால் 0.915, 7.10 லட்சம் 6.50 ஆவது அப்படித்தான்.

இப்போது 2.60ஐ 6.50ஆல் வகுத்தால் சரியாக 0.40. மடக்கை மைனஸ் 0.916, ஏழால் வகுத்துத் திருப்பினால் வருஷத்துக்கு 12.3 சதவீதம். முதலில் வந்த 10.4க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வண்டியின் தேய்மானமே இல்லை, புது வண்டி விலை வருஷத்துக்கு 2 சதவீதம் ஏறிக்கொண்டே வந்தது உங்கள் இழப்பை மறைத்திருக்கிறது. நாம் "நல்ல ரேட்டுக்குப் போச்சு" என்று சந்தோஷப்படுவதில் பாதி இந்த மறைப்புதான்.

ஆனால் இரண்டே புள்ளியை வைத்துக் கோடு போடக் கூடாது. உங்கள் பெண்ணிடம் ஒரு வேலை கொடுங்கள். இதே மாடல், இதே எரிபொருள், ஆட்டோமேட்டிக் இல்லாதது, சென்னை வண்டி மட்டும், விளம்பரங்களிலிருந்து வயதும் விலையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு விலையையும் 6.50ஆல் வகுத்து எக்செலில் மடக்கை எடுத்து, வயதுக்கு எதிராகப் புள்ளி வைத்தால் வளைவு நிமிர்ந்து நேர்கோடாகிவிடும். அந்தக் கோட்டின் சாய்வுதான் தேய்மான வேகம். வெட்டுத்துண்டையும், அதாவது வயது பூஜ்ஜியத்தில் கோடு வந்து நிற்கும் இடத்தையும், குறித்து வையுங்கள், அதில் ஒரு விஷயம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

தரையைத் தொடாது என்று சொன்னாளே, அதற்கு ஒரு திருத்தம். டீக்கடையில் கிளாசை வைத்துவிட்டு போன் பேசினால் டீ ஆறிக்கொண்டே போகும், ஆனால் பூஜ்ஜிய டிகிரிக்குப் போகாது, கடைக்குள் இருக்கும் வெக்கையோடு நின்றுவிடும். நியூட்டனின் குளிர்வு விதி. காருக்கு அந்த வெக்கை என்பது காயலான் கடை விலை. அதனால் முழு விலை தேய்வதில்லை, காயலான் விலைக்கு மேலே இருக்கும் பகுதிதான் தேய்கிறது என்று வைத்துப் போடுவது இன்னும் நியாயம். பத்து வயதுக்குள் இரண்டு கணக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதற்கு மேல்தான் பிரியும்.

வியாசர்பாடி பழைய வண்டி எழுதியது

வாத்தியார் சார் கணக்கு பிரமாதம். நான் 22 வருஷமாக வண்டி வாங்கி விற்கிறவன், இந்தக் கோடு போடாமலே அது எங்கே வளையும் எங்கே உடையும் என்று சொல்கிறேன், கேளுங்க.

முதல் உடைப்பு வெள்ளம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு எந்த மழையிலும் அறிமுகம் தேவையில்லை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், இரண்டு தடவையும் தண்ணீர் குடித்த வண்டி பிறகு எத்தனை கைமாறி எத்தனை பாலிஷ் போட்டு வந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். அதற்கு வருஷக் கணக்கெல்லாம் கிடையாது, ஒரே ராத்திரியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அப்புறம் மறுபடி மெதுவாக இறங்கும். படிக்கட்டில் கால் தவறி நாலு படி தாண்டி உட்கார்ந்த மாதிரி.

வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தினமும் நாம் இழுப்பது பாதிதான். உள்ளே சுருண்டிருக்கும் மீதி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி குளித்திருக்கிறது. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் துடைப்பான், அந்தச் சுருளை எவனும் பிரித்துத் துவைக்க மாட்டான். அடுத்து சீட்டுக்குக் கீழே இருக்கும் போல்ட். முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு கையை விட்டுத் தடவினால் விரலில் செம்மண் நிறத்தில் ஒட்டும்.

இரண்டாவது கடல் காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வெளியில் நிறுத்தும் வண்டியும் அண்ணாநகரில் மூடிய பார்க்கிங்கில் நிற்கும் வண்டியும் ஒரே வருஷம், ஒரே கிலோமீட்டர் என்றாலும் நான் ஒரே விலை தர மாட்டேன். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் பார்ப்பேன், அப்புறம் கதவின் கீழ் விளிம்பில் இருக்கும் தண்ணீர் போகும் ஓட்டை. அது அடைத்திருந்தால் கதவு உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். கொருக்குப்பேட்டைக்காரரே, உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று எழுதவே இல்லை.

மூன்றாவது பதினைந்து வயசு. சொந்த வண்டிக்கு ஆர்சி பதினைந்து வருஷம்தான், பிறகு எஃப்சி (தகுதிச் சான்று) பார்த்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி வேறு. அதனால் பதின்மூன்று வயதிலேயே வாங்குகிறவன் முகம் சுளிக்க ஆரம்பிக்கிறான், வாத்தியார் கோடு அங்கே பொசுக்கென்று மடங்கும். டெல்லியில் டீசலுக்குப் பத்து வயது, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று தடை வந்தபிறகு அங்கிருந்து மலிவாக வண்டி இறங்கியதே, அதுவும் இதே கணக்குதான், இங்கே ரோடு டாக்ஸ் கட்டி நம்பர் மாற்றியதும் மலிவு பாதி காணாமல் போகும்.

கோடு மேலே போனதையும் பார்த்திருக்கிறேன். 2021ல் சிப் தட்டுப்பாடு, புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கணும், அப்போது நான் 3.80க்கு வாங்கிய ஒரு வண்டியை எட்டு மாதம் வீட்டுக்கு ஓட்டிவிட்டு 3.95க்கு விற்றேன். அதே நான் 2025 செப்டம்பரில் வரி குறைந்ததும் கையில் நின்ற மூன்று வண்டியை வண்டிக்கு 25, 30 ஆயிரம் இறக்கித் தள்ளினேன். வண்டி ஒரு கிலோமீட்டர்கூட நகரவில்லை சார், ஷெட்டில் நின்றபடியே தேய்ந்தது.

இன்னொன்று. விளம்பரத்தில் இருக்கும் பத்து வயது வண்டிகளை மட்டும் பார்த்தால் கோடு ஏமாற்றும். நன்றாக வைத்திருந்த வண்டிதான் பத்து வயதில் விளம்பரத்துக்கு வரும், மற்றது புதுப்பேட்டை காயலான் கடையில் கதவு தனி, இன்ஜின் தனி என்று போயிருக்கும்.

மணலி மஞ்சபோர்டு எழுதியது

எங்களுக்கு வருஷக் கணக்கே கிடையாதுங்க. மணலி கம்பெனி டிரிப், ஏர்போர்ட் டிரிப் என்று ஓட்டியது மூன்றரை வருஷத்தில் 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர். வாங்கியது 7.20, கொடுத்தது 3.00. போனது 4.20 லட்சம், கிலோமீட்டருக்கு 2 ரூபாய். டீசல், டயர், டியூ எல்லாம் போட்டுவிட்டு இந்த 2 ரூபாயையும் வாடகையில் சேர்க்கிறவன்தான் அடுத்த வண்டி எடுப்பான், சேர்க்காதவன் சம்பாதித்ததாக நினைத்துக்கொண்டு வண்டியைத் தின்றுகொண்டிருக்கிறான். நானே முதல் வண்டியில் அப்படித் தின்றவன்தான்.

பெரம்பூர் டியூஷன் வாத்தியார் எழுதியது

மணலியார் சொன்னது தங்கம். கணக்கில் அது இரண்டாவது மாறி. மடக்கை எடுத்தபிறகு வயதுக்கு ஒரு சாய்வு, கிலோமீட்டருக்கு ஒரு சாய்வு, இரண்டையும் சேர்த்தே எக்செல் கொடுத்துவிடும். ஆனால் நம் ஊர் சொந்த வண்டிகளில் மீட்டரைத் திருப்பிவைக்கும் வியாதி இருப்பதால் அந்த இரண்டாவது சாய்வை நான் பாதிதான் நம்புவேன். பழைய வண்டிக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வியாசர்பாடி பழைய வண்டி எழுதியது

கோபம் எதுக்கு சார். பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும், மீட்டர் 38 ஆயிரம் காட்டும். நானும் மீட்டரைப் பார்ப்பதில்லை, பெடலைத்தான் பார்ப்பேன்.

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பெண் 43 விளம்பரம் எடுத்தாள். சராசரி கேட்கும் விலை, ஒரு வயது வண்டி 5.55 லட்சம், மூன்று வயது 4.40, ஐந்து வயது 3.50, ஏழு வயது 2.75, பத்து வயது 1.95. மடக்கை எடுத்துப் புள்ளி வைத்ததும் நிஜமாகவே ஸ்கேல் வைத்த மாதிரி வந்தது, எனக்கே கொஞ்சம் சிலிர்ப்பாக இருந்தது. சாய்வு மைனஸ் 0.116, அதாவது வருஷத்துக்கு 11 சதவீதம். ஆறு வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகிறது என்று அவளே கண்டுபிடித்தாள், 0.693ஐ 0.116ஆல் வகுத்து.

ஆனால் ஒரு சந்தேகம். கோட்டைப் பின்னால் நீட்டி வயது பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனால் 6.24 லட்சம்தான் வருகிறது. புது வண்டி ஷோரூம் விலையே 6.50, ரோட்டில் இறங்க 7.65. தப்பு பண்ணிவிட்டோமா?

வண்டி தெருவில்தான் நிற்கிறது, வீட்டு வாசலில். மழைக்கு டயர் பாதி வரை தண்ணீர் வந்திருக்கிறது, உள்ளே வந்ததில்லை.

பெரம்பூர் டியூஷன் வாத்தியார் எழுதியது

தப்பே இல்லை, நான் சொன்ன வெட்டுத்துண்டு விஷயம் அதுதான். 7.65க்கும் 6.24க்கும் நடுவில் இருக்கும் 1.41 லட்சம், 18 சதவீதத்துக்கு மேல், அது எந்த வளைவிலும் இல்லை. ஷோரூம் கேட்டைத் தாண்டும்போதே அங்கேயே விழுந்துவிடுகிறது. அதில் 84,500 ரோடு டாக்ஸ், நம் ஊரில் இந்த விலை வண்டிக்கு 13 சதவீதம். வேடிக்கை என்னவென்றால் அது ஆயுட்கால வரி, வண்டியோடே அடுத்தவருக்குப் போகிறது, நியாயப்படி அவர் அதற்குக் காசு தர வேண்டும், யாரும் தருவதில்லை.

இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் போக மீதிக்குக் காரணம் சந்தேகம். ஒரு வயதில் ஒருவன் வண்டியை விற்கிறான் என்றாலே வாங்குகிறவன் "என்னமோ இருக்கு" என்று நினைக்கிறான். நல்ல வண்டிக்கும் அந்தச் சந்தேக விலைதான் கிடைக்கும் என்பதால் நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்பதில்லை, அதனால் அந்தச் சந்தேகம் நிஜமாகவே ஆகிவிடுகிறது. 1970ல் ஜார்ஜ் அகெர்லாஃப் இதைப் பழைய கார் உதாரணத்தோடுதான் எழுதினார், 2001ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அமெரிக்காவில் ஓட்டை வண்டிக்கு எலுமிச்சை என்று பேராம். நாம் புது வண்டிக்கு டயரடியில் எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளப்புகிறோம்.

உங்கள் வண்டிக்கு வருவோம். கோட்டின்படி ஏழு வயதுக்குக் கேட்கும் விலை 2.76. கேட்கும் விலைக்கும் படியும் விலைக்கும் ஆறு சதவீதம் இடைவெளி வைத்தால் 2.59. மூலக்கடை புரோக்கர் 2.60 சொன்னார் அல்லவா, அவர் எக்செல் போடாமலே அதே இடத்தில் வந்து நிற்கிறார்.

எப்போது விற்பது என்றால் சதவீதத்தை விடுங்கள், ரூபாயைப் பாருங்கள். அடுத்த வருஷம் உங்கள் வண்டி இழக்கப்போவது 2.60ல் 11 சதவீதம், சுமார் 28,600. போன வருஷம் ரிப்பேருக்கு எவ்வளவு ஆனது?

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது

31 ஆயிரம். கிளட்ச் பிளேட், சஸ்பென்ஷன் புஷ், ஏசி கேஸ். எங்கள் ரோட்டுக்கு சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் மளிகை சாமான் மாதிரி.

பெரம்பூர் டியூஷன் வாத்தியார் எழுதியது

ஆக வருஷத்துக்குச் சுமார் 60 ஆயிரம். புதுசு வாங்கினால் 7.65க்கு வாங்கிய வண்டி ஒரு வருஷத்தில் படியும் விலை 5.20, முதல் வருஷமே 2.45 லட்சம் போகிறது, வட்டி இல்லாமல். நடுவழி ஒன்று இருக்கிறது. மூன்று வயது வண்டியை 4.40க்கு எடுத்தால் அடுத்த வருஷ இழப்பு 48 ஆயிரம், ரிப்பேர் குறைவு, ஆனால் பெயர் மாற்றம், புரோக்கர் கமிஷன் என்று ஆரம்பத்திலேயே ஒரு தொகை. உங்களுடையதைவிடப் பெரிய லாபம் இல்லை. தேய்மானம் வருஷா வருஷம் குறையும், ரிப்பேர் வருஷா வருஷம் ஏறும், இரண்டும் சேர்ந்த தொகை எந்த வருஷம் 75, 80 ஆயிரத்தைத் தாண்டுகிறதோ அப்போது யோசியுங்கள். பதின்மூன்று வயதில் இருக்கும் அந்த மடிப்புக்கு முன்னால் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் பையன் எழுதியது

விற்பதாக இருந்தால் ஒன்று. ஐந்து வருஷமாக கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம் என்சிபி (கிளெய்ம் கேட்காததற்கு இன்சூரன்ஸில் தரும் தள்ளுபடி) இருக்கும், அது உங்களுடையது, வண்டியுடையது இல்லை. இன்சூரன்ஸில் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு புது வண்டிக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பல பேர் இதைப் பாலிசியோடு விட்டுவிட்டு வருகிறார்கள். அப்புறம் பழைய காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பதிவு பெற்ற வியாபாரிக்கு, அதுவும் அவருடைய லாபத்தின் மேல் மட்டும். 2.60க்கு எடுத்து 2.90க்கு விற்றால் 30 ஆயிரத்துக்கு 5,400. நீங்கள் இன்னொரு சொந்த உபயோகக்காரருக்கு நேரடியாக விற்றால் அது இல்லை.

கொருக்குப்பேட்டைக்காரன் எழுதியது

கடைசித் தகவல். நேற்று மூலக்கடை புரோக்கர் காசோடு வந்தார். பேச்சு 2.60ல்தான் ஆரம்பித்தது. பழைய வண்டிக்காரர் எழுதியதைப் படித்தாரோ என்னவோ, நேராக டிக்கியைத் திறந்து, மேட் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி வெளியே வைத்தார். அடியில் தகடு பொரிந்து, சுண்டு விரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஏழு வருஷமாக நான் அந்த ஸ்டெப்னியை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. 15 ஆயிரம் குறைத்து 2.45 என்றார், அந்த ஆப் சொன்ன அதே தொகை. அவர்கள் டார்ச்சில் எதைப் பார்த்தார்கள் என்று இப்போது புரிகிறது, ஆனாலும் அதைச் சொல்லிவிட்டுக் குறைத்திருக்கலாம்.

விற்கவில்லை. அவர் போனதும் தெருமுனை வெல்டிங் பட்டறையில் காட்டினேன், பழைய தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வைத்து பெயிண்ட் அடிக்க 1,800 கேட்கிறார். பெண் தன் எக்செலில் துருவுக்குத் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வண்டியை விடச் சொல்லியிருக்கிறார்.

வியாசர்பாடி பழைய வண்டி எழுதியது

தகடு வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்க. அடிப்பக்கம் பிரைமர் அடிக்காமல் மேலே மட்டும் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.